காயத்தோடு குதிப்பதற்குப் பெயர் மன உறுதி இல்லை

முட்டிக்குள் இருக்கும் ஏசிஎல் என்ற ஜவ்வு கிழிந்து, ஆபரேஷன் முடிந்து பத்தே வாரம். முட்டியில் வீக்கம் வடியவில்லை. தொடை சூம்பிப்போனது பார்த்தாலே தெரிகிறது. கூட வந்தவர்கள் கேட்பது: "அடுத்த மாசம் செலக்‌ஷன், இறக்கிடலாமா? பையனுக்கு மனசு ரொம்ப ஸ்ட்ராங்." விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் இயன்முறை மருத்துவர் யாரைக் கேட்டாலும், இது வாரம் தவறாமல் வரும் கேள்வி என்பார். இந்த அவசரத்தில் இரண்டாம் முறை கிழித்துக்கொண்டு வருகிறவர்கள் நிறைய. அதனால் பொறுமையாக ஒருமுறை எழுதிவிடுகிறேன்.

மனசு எவ்வளவு ஸ்ட்ராங்காக இருந்தாலும் ஜவ்வு தன் வேகத்தில்தான் ஆறும். கிழிந்த ஜவ்வுக்குப் பதிலாக, பெரும்பாலும் தொடையின் பின்புறத்திலிருந்தோ முட்டிச் சில்லுக்குக் கீழிருந்தோ ஒரு தசைநாணை (தசையை எலும்போடு கட்டும் நார்) எடுத்து வைக்கிறார்கள். வைத்த அன்று அது உறுதியாகவே இருக்கும். அடுத்த சில வாரங்களில் அதிலுள்ள பழைய செல்கள் இறந்து, புது ரத்தக் குழாய்கள் உள்ளே வளரத் தொடங்கும். ஏறத்தாழ 6 முதல் 12 வாரம் வரை அது மிகவும் நொய்ந்து கிடக்கிற காலம். ஆனால் வலி குறைந்து, நடை சீராகி, ஆளுக்குத் தெம்பு வருவதும் அதே காலத்தில்தான். "வலியே இல்லை சார், ஓடிடுவேன்" என்று சொல்லும் நாளில் உள்ளே இருப்பது நைந்த கயிறு. அது மறுபடி ஜவ்வாக முறுக்கேற ஒரு வருடமும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். 9 மாதத்துக்கு முன்பே களத்தில் இறங்கும் இளம் வீரர்களுக்கு மறுபடி கிழிவது பல மடங்கு அதிகம். தைரியம், கூச்சல், கைதட்டல் எதுவும் இந்தக் கணக்கை மாற்றாது.

தொடை மெலிவதற்கும் சோம்பல் காரணம் இல்லை. முட்டிக்குள் நீர் கோத்திருக்கும்வரை முன்தொடைத் தசைக்குப் போகும் கட்டளையை நரம்பு மண்டலமே அடக்கிவைக்கும். அதனால் முதல் இரண்டு வாரத்து வேலை இவ்வளவுதான்: வீக்கத்தை வடிப்பது, முட்டியை முழுசாக நீட்டுவது, முட்டி மடங்காமல் காலை நேராகத் தூக்குவது. பார்க்கச் சின்ன விஷயம். இதை விட்டவர்கள் ஆறாம் மாதத்திலும் நொண்டுகிறார்கள். தினமும் காலையில் சில்லின் நடுவில் டேப் வைத்து அளந்து எழுதுங்கள். முந்தைய நாளைவிட 1 செ.மீ.க்கு மேல் கூடியிருந்தால் நேற்றுச் செய்த பயிற்சி அதிகம், ஒரு படி குறையுங்கள்.

களத்துக்குத் திரும்ப நாள்கணக்கு மட்டும் போதாது. முன்தொடை வலு மற்ற காலுடன் ஒப்பிட்டால் 90 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. ஒற்றைக்காலில் தாவும் சோதனைகளிலும் அப்படியே. குதித்து இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாயக்கூடாது. (தொழில் நண்பர்களுக்கு: மாதக்கணக்கில் ஓய்விலிருந்த நல்ல காலும் வலு இழந்திருக்கும். அதோடு ஒப்பிட்டுக் கிடைக்கும் 90 ஏமாற்றும். ஆபரேஷனுக்கு முன்பே இரண்டு கால்களையும் அளந்து வையுங்கள்.) மரத்துப்போகும் ஊசி போட்டு இறக்குவது பற்றிக் கேட்கவே கேட்காதீர்கள்.

இப்படிச் சொன்னால், காயத்தோடு ஜெயித்தவர் என்று உடனே காட்டப்படும் உதாரணம் அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை கெர்ரி ஸ்ட்ரக். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸ், முதல் வால்ட்டில் (ஓடிவந்து மேடையில் கை ஊன்றித் தாவுவது) கணுக்காலைக் காயப்படுத்திக்கொண்டு, இரண்டாவதில் ஒற்றைக்காலில் நின்றவர். அந்த வீடியோவை அனுப்புகிறவர்கள் அடுத்து நடந்ததையும் சேர்த்து அனுப்ப வேண்டும். அந்த இரண்டாவது வால்ட் இல்லாமலே அமெரிக்க அணிக்குத் தங்கம் கிடைத்திருக்கும். காயத்தால் அவரால் தனிநபர் இறுதிச் சுற்றுகளில் இறங்க முடியவில்லை. அப்போது வயது 18. அதற்குப் பிறகு ஒலிம்பிக்ஸில் அவர் போட்டியிடவே இல்லை.

அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் கெவின் டுராண்ட் 2019 மே மாதம் கெண்டைக்கால் தசையில் காயம்பட்டு, ஜூன் 10-ம் தேதி என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) இறுதிப் போட்டித் தொடருக்குத் திரும்பினார். சுமார் 12 நிமிடம் ஆடியதும் குதிகால் தசைநாண் அறுந்தது. அதற்குப் பிறகு அவர் செய்ததைத்தான் பாராட்ட வேண்டும். ஒரு சீசன் முழுக்க வெளியே உட்கார்ந்தார். 2020 டிசம்பரில்தான் திரும்பினார். 2021-ல் டோக்கியோவில் தங்கம்.

இனி, திரும்பவே முடியாதவர்கள். மிக மோசமாகக் கைவிடப்படுவது இவர்கள்தான்.

கிறிஸ்டினா ஃபோகல், ஜெர்மானிய டிராக் சைக்கிள் வீராங்கனை. 2012-லும் 2016-லும் ஒலிம்பிக் தங்கம், 11 உலகப் பட்டங்கள். 2018 ஜூனில் பயிற்சியின்போது மோதி, ஏழாவது மார்பு முள்ளெலும்பு அருகே தண்டுவடம் அடிபட்டது. கால்கள் செயலிழந்தன. அவர் மறுபடி போட்டி சைக்கிளில் ஏறவில்லை. 2019-ல் ஜெர்மனியின் எர்ஃபுர்ட் நகர மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மீண்டெழுந்தவர் என்று இவரைச் சொல்ல, கோப்பை எதுவும் தேவையில்லை.

இப்படி அடிபட்ட ஒருவரின் ஒரு நாளை யோசித்துப் பாருங்கள். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறக் கற்க வேண்டும். படுக்கைப்புண் வராமலிருக்க 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை உடலைத் தூக்கியோ முன்னால் சாய்ந்தோ அழுத்தத்தை மாற்ற வேண்டும். இரவில் கண்ணாடி வைத்து இடுப்பிலும் குதிகாலிலும் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மன உறுதிக்கு வேலை இங்கேதான், யாரும் கைதட்டாத இடத்தில்.

குடும்பத்துக்கும் கோச்சுக்கும் ஒரு வேண்டுகோள். "நீ கட்டாயம் திரும்பி வருவே" என்று சொல்லாதீர்கள். அது நடக்காதபோது தோற்றுப்போனவராக அவர் தன்னையே பார்ப்பார். பத்து வயதிலிருந்து "நான் ஓட்டக்காரன்" என்று வாழ்ந்தவருக்கு இது ஒரு சாவு வீடு. அழட்டும். தூக்கம் கெடுவது, சாப்பாட்டைத் தவிர்ப்பது அல்லது அளவில்லாமல் சாப்பிடுவது, குடி, தேவைக்கு மேல் வலி மாத்திரை, இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரிடம் போங்கள். சாவைப் பற்றிப் பேசினால் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே போக வேண்டும், அதுவரை தனியே விடக்கூடாது, வீட்டிலுள்ள மாத்திரைகளை அவர் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

பயிற்சியை ஒரே நாளில் நிறுத்துவதும் தவறு. டாக்டர் அனுமதிக்கும் உறுப்பைக் கொண்டு வாரம் மூன்று நாளாவது மூச்சு வாங்க உழைக்கட்டும். முட்டியில் அடிபட்டவர்கள் விளையாட்டிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் தொடை வலுப் பயிற்சியை விடவே கூடாது. ஏசிஎல் கிழிந்தவர்களில் பாதிக்குப் பக்கமானோருக்கு 10, 20 வருடத்தில் மூட்டுத் தேய்மானம் ஸ்கேனில் தெரிகிறது.

கோச்சுகளே, வாரம் ஒருமுறை போன் பண்ணுங்கள். அடுத்த போட்டியைப் பற்றி அல்ல, சாப்பிட்டானா, தூங்கினாளா என்று கேளுங்கள். மைதானத்துக்கு வரச் சொல்லும் முன், வரப் பிடிக்கிறதா என்று அவர்களையே கேளுங்கள். இன்றைக்கு வேண்டாம் என்றால், அடுத்த வாரமும் கேளுங்கள்.