வெயில் ஊரில் குளிரும் எஞ்சின்

பழைய கார் பெற்றோலைக் குடிக்கிறது என்று கராஜுக்குப் போனால், பெரும்பாலும் முதலில் மாற்றச் சொல்வது பிளக்கும் எயார் ஃபில்டரும்தான். மாற்றுவதில் தப்பில்லை. ஆனால் இன்ஜெக்டர் உள்ள காரில், அழுக்கான ஃபில்டரால் இழுவைதான் குறையும், பெற்றோல் செலவு அவ்வளவாக ஏறாது. உள்ளே போகும் காற்றை அளந்துதான் அந்தக் காரின் கணினி பெற்றோலை விடுகிறது. காற்று குறைந்தால் பெற்றோலையும் குறைத்துவிடும். கணினி இல்லாத காபுரேற்றர் கார்களின் கதை வேறு.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அதனால் கொரோலா 121, சன்னி போன்ற பழைய கார்களைப் பார்த்துப் பராமரித்து ஓட்டுவது கொழும்பில் பலருக்கும் கட்டாயமாகிவிட்டது. உதிரிப்பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பணத்தைக் கரைக்காமல், எங்கே பிழை என்று கண்டுபிடிப்பதுதான் முக்கியம்.

முதலில் அளக்கவேண்டும். பெற்றோல் செட்டில் பம்ப் தானாக நிற்கும்வரை அடித்து, கிலோமீற்றரைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறையும் அப்படியே நிரப்பி, ஓடிய தூரத்தை அப்போது அடித்த லீற்றரால் வகுத்தால் கணக்கு வரும். நெரிசலையும் மறக்கக்கூடாது. ஏசி போட்டு நிற்கும் 1.5 லீற்றர் எஞ்சின் மணிக்கு ஏறக்குறைய ஒரு லீற்றர் எரிக்கும். ஓடும்போது லீற்றருக்கு 12 கிலோமீற்றர் தரும் கார், காலி வீதியில் 10 கிலோமீற்றர் போவதற்குள் அரை மணி நேரம் நெரிசலில் நின்றால், கணக்கு 7.5க்கு இறங்கிவிடும். அது காரின் பழுது இல்லை. அதிவேகப் பாதையில் ஓடியும் எண் ஏறவில்லை என்றால்தான் பழுதைத் தேடவேண்டும்.

நான் முதலில் சந்தேகப்படுவது, எஞ்சின் சூடேறும்வரை கூலன்டை (எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரை) ரேடியேற்றருக்கு விடாமல் மறிக்கும் தெர்மோஸ்டாட்டை. ஒரு கிராம் பெற்றோல் சரியாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் பெற்றோல் ஒழுங்காக ஆவியாகாது என்பதால், சூடேறும்வரை கணினி கூடுதலாகவே விடும். சூடேறியதா என்று அது தெரிந்துகொள்வது கூலன்டின் வெப்பநிலையை வைத்து. தெர்மோஸ்டாட் திறந்தபடி இறுகிவிட்டால், தண்ணீர் எந்நேரமும் ரேடியேற்றருக்குப் போய்வரும். வெளியே 32 பாகை வெயில் அடித்தாலும், வீதியில் ஓடும்போது எஞ்சின் தன் 80, 90 பாகையைத் தொடாது. கணினியும் கூடுதல் பெற்றோலை நிறுத்தாது. சில ஓட்டோ கியர் கார்கள் எஞ்சின் சூடாகும்வரை, பெற்றோலை மிச்சமாக்கும் உயர்ந்த கியரான ஓவர்டிரைவுக்கும் போகாது. வெப்பநிலை முள் வழக்கமான இடத்துக்கு ஏறாமலோ, வேகமாக ஓடும்போது கீழே விழுந்தோ இருந்தால் விஷயம் இதுதான்.

“இந்த வெயிலுக்கு இது எதற்கு?” என்று தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறியும் பழக்கமும் இங்கே உண்டு. இது உண்மையிலேயே கெடுதல். சில எஞ்சின்களில் பைபாஸ் வழியை மூடுவதும் அதே தெர்மோஸ்டாட்தான். அது இல்லாவிட்டால் தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேற்றருக்குப் போகாமலே சுற்றி வரும். சூட்டைத் தவிர்க்கச் செய்த வேலை, நெரிசலில் சூட்டைக் கூட்டிவிடும்.

சோதிப்பது வீட்டிலேயே முடியும். கழற்றிய தெர்மோஸ்டாட்டை ஒரு சட்டித் தண்ணீரில் கம்பியால் தொங்கவிட்டு, அடுப்பில் வையுங்கள். விளிம்பில் 82 என்பது போல ஓர் எண் பொறித்திருக்கும். தண்ணீர் அந்த வெப்பநிலைக்கு வரும்போது உள்ளே இருக்கும் மெழுகு உருகிப் பருத்து, ஊசியைத் தள்ளும். நடுவில் இருக்கும் வட்டத் தகடு மெல்ல எழும்புவது கண்ணுக்கே தெரியும். பச்சைத் தண்ணீரிலேயே இடைவெளி தெரிந்தால் அது முடிந்த கதை.

அதே சட்டியில், கூலன்டின் வெப்பநிலையைக் கணினிக்குச் சொல்லும் சென்சரையும் சோதிக்கலாம். டொயோட்டா எஞ்சின்கள் பலவற்றில் அதன் மின்தடை 20 பாகையில் 2,000 முதல் 3,000 ஓம், 80 பாகையில் ஏறக்குறைய 300 ஓம். கொதிக்கும் தண்ணீரிலும் ஆயிரத்தைத் தாண்டிக் காட்டினால், கணினி சூடான எஞ்சினைக் குளிர் என்று நம்பிக்கொண்டிருக்கிறது. வயர் அறுந்தால் எஞ்சின் லைட் எரியும். சென்சர் கொஞ்சம் கொஞ்சமாகத் தவறினால் பெரும்பாலும் எரியாது.

அப்புறம் ஒட்சிசன் சென்சர். புகையில் மிஞ்சும் ஒட்சிசனைப் பார்த்து, கலவையைத் திருத்த உதவுவது இது. நல்ல சென்சர் 0.1க்கும் 0.9 வோல்ற்றுக்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்கும். வயதானால் மந்தமாகும். இதில் மோசமான பழுது இருந்து திருத்தினால், லீற்றருக்கு ஓடும் தூரம் 40 சதவீதம்வரைகூடக் கூடலாம்.

நாலு டயரிலும் 10 பி.எஸ்.ஐ. குறைந்தால் போவது ஏறக்குறைய 2 சதவீதம்தான், ஆனாலும் காற்றடிக்கப் பெரிய செலவில்லையே. கடற்கரைப் பக்கம் நிறுத்தும் கார்களில் பிரேக் நகர உதவும் பின்கள் துருப்பிடித்து, பிரேக் சக்கரத்தைப் பிடித்தபடியே இருக்கும். ஓடி நிறுத்தியதும் ஒரு ரிம் மட்டும் அனலடிக்கிறதா என்று கையை அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். 95 ஒக்டேன் அடித்தால் கூடுதலாக ஓடும் என்பது நம்பிக்கை மட்டுமே. ஜப்பானின் சாதாரண பெற்றோலுக்குச் செய்த கொரோலா 121க்கு 92 போதும்.

கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் தெர்மோஸ்டாட் வாங்கும்போது பழையதில் இருந்த அதே எண்ணைக் கேளுங்கள், வாசரும் புதிதாகப் போடுங்கள். கூலன்ட் ஊற்றியபின் உள்ளே சிக்கிய காற்றை முழுக்க வெளியேற்றவேண்டும். கணினி பழைய பழுதுக்கு ஏற்ற கணக்கை நினைவில் வைத்திருக்கும் என்பதால், பெட்டரியின் மைனஸ் வயரைச் சில நிமிடம் கழற்றிப் பூட்டிவிட்டு, நெரிசலிலும் திறந்த வீதியிலுமாகக் கொஞ்சநாள் ஓட்டிய பிறகே புதுக் கணக்கைப் பாருங்கள்.