துவாலு குலுக்கல் விசா: பணம் கட்டும் முன் படியுங்கள்

பசிபிக் கடலில் இருக்கும் குட்டித் தீவு நாடான துவாலுவின் மக்களுக்கு ஆஸ்திரேலியா தரும் விசாவைச் செய்திகளில் 'காலநிலை விசா' என்கிறார்கள். அகதி விசா என்று நினைத்துவிடாதீர்கள். கடல் ஏறுகிறது, புகலிடம் கொடுங்கள் என்று நியூசிலாந்தில் வழக்காடிய, இன்னொரு பசிபிக் தீவு நாடான கிரிபட்டியைச் சேர்ந்த இயோவானே டெய்டியோட்டாவை 2015-இல் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இது ஆஸ்திரேலியாவும் துவாலுவும் போட்ட ஃபலேபிலி ஒப்பந்தப்படி வருடத்துக்கு 280 பேருக்குக் கிடைக்கும் நிரந்தரக் குடியிருப்பு. ஒப்பந்தம் 2024 ஆகஸ்டில் அமலுக்கு வந்தது. பின்னணி இவ்வளவு போதும்.

ஆள் எடுப்பது குலுக்கலில். வீட்டில் தண்ணீர் புகுந்ததா, புலாக்கா கிழங்குக் குழி உப்பாகிவிட்டதா என்பதற்கெல்லாம் அங்கே மதிப்பில்லை. 2025-இல் நடந்த முதல் குலுக்கலுக்கு, குடும்பத்தாரையும் சேர்த்து 8,750 பேர் பதிந்தார்கள். இந்தக் கணக்கில் எல்லோரும் போய்ச் சேர 31 வருடம் ஆகும்!

பதிவுக் கட்டணம் 25 ஆஸ்திரேலிய டாலர். விசாவுக்காக ஏஜென்டிடம் நகையை அடகு வைத்துக் கொடுத்த நம் ஆட்களைப் பார்த்தவன் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்: குலுக்கலில் யாரும் யாருக்கும் 'சிபாரிசு' செய்ய முடியாது. தெரிந்த துவாலுக் குடும்பம் இருந்தால் இதைச் சொல்லுங்கள்.

பெயர் விழுந்தால் விசா வந்துவிட்டதாகவும் அர்த்தமில்லை, விண்ணப்பிக்க அனுமதி வந்திருக்கிறது, அவ்வளவுதான். அதற்குள் வேலையை விடுவது, படகை விற்பது எல்லாம் வேண்டாம். துவாலு பாஸ்போர்ட்டும் கையில் இருக்க வேண்டும். வெளித்தீவுக்காரர் அரசாங்கக் காகிதத்துக்குத் தலைநகர் ஃபுனஃபுட்டிக்குக் கப்பலில்தான் வர வேண்டும். குலுக்கல் அறிவித்த பிறகு கப்பலுக்குக் காத்திருந்தால் தேதி போய்விடும்.

பெரிய சிக்கல் குடும்பத்தில்தான். கணவன் அல்லது மனைவி, சார்ந்திருக்கும் பிள்ளைகள் கூட வரலாம். அவர்கள் பெயரைப் பதியும்போதே சேர்த்துவிடுங்கள். அப்பா அம்மா, அண்ணன் தம்பி இதில் வர மாட்டார்கள். காய்டாசி என்று நிலத்தையே சொந்தபந்தமாகச் சேர்ந்து வைத்திருக்கும் ஊரில், குடும்பம் என்றால் யார் என்பதைக் கான்பெராவில் யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். ஆட்கள் வீடு வீடாகப் பிரிந்து போனால் ஊர் மண்டபத்தில் ஃபாட்டெலே ஆட, பாட யார் மிச்சமிருப்பார்கள் என்ற கவலைக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

சரி, அப்பா அம்மாவுக்கு இப்போதைக்கு ஒரு வழி இருக்கிறது. நியூசிலாந்தின் பசிபிக் குலுக்கலில் 45 வயது வரம்பு, வேலை உத்தரவாதம் எல்லாம் கேட்பார்கள். ஆஸ்திரேலியாவின் இந்தக் குலுக்கலில் வேலை கேட்பதில்லை, 18 வயதுக்கு மேல் வயது வரம்பும் கிடையாது. அதனால் அறுபது வயது அம்மாவையும் அப்பாவையும் தனியாகப் பதியச் சொல்லுங்கள்.