சென்னையில் அரசுப் பள்ளிச் சேர்க்கை: வாசலிலேயே திரும்பி வந்துவிடாதீர்கள்

சட்டத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டப்படி, 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பு வரை இலவசக் கல்வி உரிமை. அரசுப் பள்ளியோ மாநகராட்சிப் பள்ளியோ, சேர்க்க மாட்டோம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் சொல்கிறார்கள்.

சென்னையில் அதிகம் பேரைத் திருப்பி அனுப்புவது டி.சி. என்கிற மாற்றுச் சான்றிதழ். தனியார் பள்ளியில் கட்டண பாக்கி இருக்கும். பாக்கியைக் கட்டாமல் அவர்கள் டி.சி. தர மாட்டார்கள், டி.சி. இல்லாமல் இவர்கள் சேர்க்க மாட்டார்கள். கட்டணம் கட்ட முடியாமல்தானே அரசுப் பள்ளிக்கு வருகிறார்கள், இது கூடவா புரியாது? டி.சி. வர தாமதமாகிறது என்று சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது என்று சட்டத்தின் 5ஆம் பிரிவே சொல்கிறது. டி.சி. கேட்டு வற்புறுத்தக் கூடாது, கட்டண பாக்கி என்று டி.சி.யில் எழுதவும் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

இதைச் சொன்னால் அடுத்து எமிஸ் வரும், அதாவது மாணவர் விவரங்களை வைத்திருக்கும் பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவு. "பழைய ஸ்கூல்ல பேரை ரிலீஸ் பண்ணலம்மா, போய்ப் பேசிட்டு வாங்க." கணினியில் பெயரை விடுவிக்க வைப்பது தலைமை ஆசிரியரும் கல்வி அலுவலரும் பார்க்க வேண்டிய வேலை. அதற்காக நீங்கள் பாக்கி வைத்த பள்ளியின் வாசலில் போய் நிற்க வேண்டாம். பிள்ளை வகுப்பில் உட்காரட்டும், எமிஸ் பின்னால் நடக்கட்டும்.

கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகளில் வேறு கதை. வீட்டை இடித்து வருடத்தின் நடுவில் கொண்டுவந்து விடுகிறார்கள். ரேஷன் கார்டு பழைய முகவரியில் இருக்கும், பள்ளியில் "ஜூன்ல வாங்க" என்பார்கள். ஜூன் வரைக்கும் பிள்ளை என்ன செய்யும்? வருடத்தின் எந்த மாதத்திலும் சேர்க்கலாம். 15ஆம் பிரிவு அதற்குத்தான் இருக்கிறது. நடுவில் படிப்பை விட்ட பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில்தான் சேர்க்க வேண்டும். பத்து வயதுப் பையனை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஆதார் இல்லை என்று மறுக்கக் கூடாது. உச்ச நீதிமன்றம் 2018லேயே சொன்னது. வயதுச் சான்று இல்லை என்றும் மறுக்கக் கூடாது. ஆனாலும் பிறப்புச் சான்றிதழை எடுத்து ஒருமுறை பாருங்கள். பலருடைய சான்றிதழில் பிள்ளையின் பெயர் இடமே காலியாக இருக்கும். ஆஸ்பத்திரியில் பதிந்ததோடு விட்டிருப்பார்கள். பெயரைச் சேர்க்கும் வேலையைச் சேர்க்கை நேரத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். அரசுப் பள்ளிகளில் இப்போதெல்லாம் மார்ச்சிலேயே சேர்க்கை தொடங்கிவிடுகிறது.

என்ன காரணம் சொன்னாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான். வெள்ளைத்தாளில் விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். கையில் உள்ள ஜெராக்ஸ் நகலில் தேதி போட்டு, கையெழுத்தும் முத்திரையும் கேளுங்கள். முடியாது என்று வாயால் சொல்ல எல்லோருக்கும் வரும். எழுதிக் கொடுங்கள் என்றால் கை வராது.

அப்புறம், சேர்க்கும்போது தெரியாமல் பல வருடம் கழித்துத் தெரியும் பொறி ஒன்று உண்டு. அரசு உதவி பெறும் பள்ளியை அரசுப் பள்ளி என்று நினைத்துச் சேர்த்துவிடுகிறார்கள். மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் உள்ள 7.5 சதவீத ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான். மாநகராட்சிப் பள்ளி இதில் சேரும், உதவி பெறும் பள்ளி சேராது. நடுவில் ஏழாம் வகுப்பு மட்டும் இங்கிலீஷ் வரட்டும் என்று தனியார் பள்ளிக்கு அனுப்பினாலும் போச்சு. தனியார் பள்ளியில் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இலவச இடத்தில் எட்டு வரை படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு மட்டும் விலக்கு உண்டு.

உதவி பெறும் பள்ளியிலேயே இன்னொரு குழி. ஒரே வளாகம், ஒரே சீருடை. தமிழ்வழிப் பிரிவுக்கு அரசு உதவி இருக்கும், ஆங்கிலவழிப் பிரிவு சுயநிதியில் கட்டணத்தோடு நடக்கும். பள்ளி முடித்துக் கல்லூரிக்குப் போனதும் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழிக்குத்தான். எந்தப் பிரிவு, உதவி உண்டா இல்லையா என்று நேராகக் கேளுங்கள். அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீதமும் ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ்வழியில் படித்திருந்தால்தான். விண்ணப்பத்தில் பயிற்று மொழியை வேறு யாரோ டிக் அடிக்க விடாதீர்கள்.

இன்ஷியல், பெயர் எழுத்து, பிறந்த தேதி மூன்றையும் பதிவேட்டில் எழுதியதும் அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். இங்கே விழும் தப்பு பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வரை போகும். அதைத் திருத்த அலைந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

எட்டு வரை கட்டணம் கிடையாது. பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் கழகம்), நன்கொடை என்று கேட்டால் ரசீது கேளுங்கள், பாதிப் பேர் அதோடு விட்டுவிடுவார்கள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து இந்தச் சட்டம் துணைக்கு வராது, மார்க்கைக் காட்டித் திருப்பி அனுப்புவார்கள். மாற்றுவதானால் அதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

புகாருக்குப் போகுமுன் பள்ளியின் பெயர்ப் பலகையைப் பாருங்கள். 'சென்னை நடுநிலைப் பள்ளி', 'சென்னை மேல்நிலைப் பள்ளி' என்றிருந்தால் மாநகராட்சியுடையது: ரிப்பன் மாளிகை வளாகத்தில் உள்ள கல்வித் துறைக்குப் போக வேண்டும், மாநகராட்சியின் 1913 என்ற எண்ணுக்கு அழைத்தும் சொல்லலாம். மற்ற அரசுப் பள்ளிகளும் உதவி பெறும் பள்ளிகளும் மாவட்டக் கல்வி அலுவலரின் கீழ். மாற்றிப் போனால் அங்கே போ, இங்கே போ என்று ஒரு நாள் கூலி போய்விடும். எந்தப் பள்ளி என்றே குழப்பமாக இருந்தால் பள்ளிக் கல்வித் துறையின் 14417க்கு அழையுங்கள். பள்ளியின் பெயர், போன தேதி, பேசியவரின் பதவி மூன்றையும் சொல்லி, புகார் எண்ணை வாங்கிக்கொண்டு போனை வையுங்கள்.