பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்தாயிற்று, மிஸ்ஸி எந்த வீட்டுக்கு வருவார்?

என் தங்கைக்குக் கோலாலம்பூரில் பிரசவம். ஐந்தாம் நாள் அவளையும் குழந்தையையும் பட்டர்வொர்த்தில் அம்மா வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். கர்ப்ப காலப் பதிவேடான பிங்க் புத்தகத்தில் இருந்ததோ கோலாலம்பூர் செந்தூல் வீட்டு முகவரி. ஆறாம் நாள் அங்கே ஒரு மிஸ்ஸி, அதாவது அரசு கிளினிக்கின் தாதி, மாடியேறிப் போய், பூட்டிய கதவைத் தட்டிவிட்டுத் திரும்பியிருக்கிறார். நாங்கள் இங்கே 'இன்னும் யாரும் வரலையே' என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

தவறு எங்களுடையதுதான். தாய் வீட்டில் பத்தியம் இருக்கும் நம் வழக்கத்தில் இது எல்லாருக்கும் நடக்கக்கூடியது என்பதால் எழுதுகிறேன்.

பிரசவித்த தாயையும் சேயையும் தாதி வீட்டுக்கே வந்து பார்ப்பது, மலேசிய சுகாதார அமைச்சின் தாய்சேய் நலச் சேவையில் ஒரு பகுதி. குடிமக்களுக்கு இதற்குக் கட்டணம் இல்லை. பிரசவத்திலிருந்து கணக்கிட்டு 1, 2, 3, 4, 6, 8, 10, 20 ஆகிய நாள்களில் பார்ப்பது வழக்கமான அட்டவணை. வார்டில் இருக்கும் நாள்களில் அங்கேயே பார்த்துவிடுவார்கள். வீட்டுக்கு வந்தபின் மீதி நாள்கள், நீங்கள் தங்கியிருக்கும் பகுதியின் அரசு கிளினிக்கின் பொறுப்பு. ஒரு மாதம் ஆனதும் நீங்கள் கிளினிக்குக்குப் போக வேண்டும்.

ஆகவே டிஸ்சார்ஜ் ஆகும்போதே, பத்தியம் இருக்கப்போகும் வீட்டின் முகவரியையும் போன் நம்பரையும் வார்டில் சொல்லிவிடுங்கள். வந்து சேர்ந்ததும் வீட்டில் ஒருவர் பிங்க் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசு சுகாதார கிளினிக்) போய்ப் பதிந்துவிட வேண்டும். தனியார் மருத்துவமனையில் பெற்றவர்களும் இப்படிச் சொல்லி வைப்பது நல்லது. 2023 ஜனவரியிலிருந்து தகுதியுள்ள தனியார் துறை ஊழியர்களுக்கு 7 நாள் தந்தையர் விடுப்பு இருக்கிறது. அதில் ஒரு காலைப் பொழுது இதற்குப் போதும்.

எங்கள் வீட்டுக்கு வந்த மிஸ்ஸி முதலில் தங்கையின் ரத்த அழுத்தம், காய்ச்சல், தையல், ரத்தப்போக்கு எல்லாம் பார்த்தார். கெண்டைக்காலை அமுக்கி, வலிக்கிறதா என்று கேட்டார். அங்கே ரத்தம் உறைந்திருக்கிறதா என்று பார்க்கத்தானாம். அப்புறம் குழந்தையை ஜன்னலோரம் தூக்கிப் போனார். பாட்டி அன்று காலைதான் மஞ்சள் பூசிக் குளிப்பாட்டியிருந்தார். "பாட்டி, இப்படி இருந்தா மஞ்சள் காமாலை இருக்கா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று தன்மையாகக் கேட்டு, ஈரத்துணியால் துடைத்துவிட்டு, நெற்றியிலும் நெஞ்சிலும் விரலால் அழுத்தி எடுத்து, அந்த இடத்தின் நிறத்தைப் பார்த்தார். சந்தேகம் இருந்தால் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். காமாலை முற்றினால் குழந்தையின் மூளையே பாதிக்கப்படும். இளவெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்று நாள் கடத்தாதீர்கள், வெயில் இதற்கு வைத்தியம் ஆகாது.

இன்னொன்று, அந்துருண்டை. மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்கு ஜி6பிடி (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடு இருக்கிறதா என்று தொப்புள்கொடி ரத்தத்தில் சோதிக்கிறார்கள். குறைபாடு இருக்கும் குழந்தைக்கு அந்துருண்டை வாசமே ஆபத்து, ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து காமாலை ஏறிவிடும். பெட்டியில் அந்துருண்டை போட்டுப் பத்திரப்படுத்திய பழைய தொட்டில் சேலையை ஆசையாக எடுக்கும் முன் இந்தச் சோதனையின் முடிவைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மிஸ்ஸி வரும்போது எதையும் மறைக்க வேண்டாம். பத்தியம் என்று தண்ணீரைக் குறைத்திருந்தால் சொல்லுங்கள். தூக்கம் வரவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்றால் அதையும் சொல்லுங்கள். பக்கத்தில் மாமியார் இருப்பதால் வாய் வரவில்லையா, 'கொஞ்சம் தனியாப் பேசணும்' என்றால் போதும்.

சிலவற்றுக்கு மட்டும் அடுத்த வருகைக்காகக் காத்திருக்கக் கூடாது. ரத்தப்போக்கு திடீரென்று அதிகமாவது, காய்ச்சல், கடும் தலைவலியோடு பார்வை மங்குவது, ஒரு கால் மட்டும் வீங்குவது, மூச்சுத் திணறல், குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது. இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வண்டி இல்லையென்றால் 999.

பத்தியத்தின் நடுவில் மாமியார் வீட்டுக்கு மாறினால், புது முகவரியை இரண்டு கிளினிக்குக்கும் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.