அட்டை சொன்ன நேரமும் கேமரா காட்டிய நேரமும்

பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஓர் அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், சாமான்கள் வைக்கும் அறையிலிருந்து இரண்டு லேப்டாப்கள் காணாமல் போயின. துப்புரவுப் பணியாளர்களுக்கென்று கொடுக்கப்பட்டிருந்த அட்டையால் அன்றிரவு 8.47க்கு அந்த அறை திறக்கப்பட்டது என்று கதவுக் கட்டுப்பாட்டு மென்பொருளின் பதிவேடு சொன்னது. கேமராப் பதிவில் 8.47ஐத் தேடிப் பார்த்தபோது, துப்புரவுப் பணி செய்யும் ஓர் அம்மா தள்ளுவண்டியோடு அந்தக் கதவருகே நின்றுகொண்டிருந்தார். கேமரா வராந்தாவின் கோடியில் இருந்ததால், கதவு திறந்ததா இல்லையா என்பது வண்டிக்குப் பின்னால் மறைந்துவிட்டது. பதிவும் படமும் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்ற பிறகு நிர்வாகத்துக்கு வேறு யோசனை எழவில்லை. "குப்பைக்கூடைய எடுக்கத்தான் சார் நின்னேன், கதவைத் தொடவே இல்ல" என்று அவர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. மூன்று நாள் கழித்து, பழைய பதிவைப் பிரதியெடுத்துக் கொடுப்பதற்காக என்னை அழைத்தார்கள்.

நான் முதலில் பார்த்தது கடிகாரத்தைத்தான். கேமராப் பதிவுகளைச் சேமிக்கும் சர்வரின் நேரம் என் கைப்பேசியின் நேரத்தோடு நொடி பிசகாமல் ஒத்துப்போனது. கதவுகளை இயக்கும் கண்ட்ரோலரின் கடிகாரமோ பதினோரு நிமிடம் பின்தங்கியிருந்தது. அப்படியென்றால், பதிவேட்டில் 8.47 என்று இருந்த நிகழ்வு உண்மையில் நடந்தது 8.58க்கு. அந்த நேரத்துப் படத்தில் அந்த அம்மா இல்லை, வேறொருவர் இருந்தார். துப்புரவுப் பணியாளர்களின் பொது அட்டை பேன்ட்ரியில் ஓர் ஆணியில் மாட்டப்பட்டிருக்கும் என்பதும், அதை எவர் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதும் அதன் பிறகுதான் பேச்சுக்கே வந்தன.

கட்டடப் பாதுகாப்புக் கருவிகளை நிறுவிப் பராமரிக்கும் தொழிலில் இருக்கும் நான், கேமராவையும் கதவையும் இணைத்துவிட்டதாகச் சொல்லும் பல இடங்களில் காண்பது இதன் வெவ்வேறு வடிவங்களைத்தான். கதவின் பதிவேட்டுக்கு ஓர் அட்டை வந்தது தெரியும், அது யார் கையில் வந்தது என்று தெரியாது. கேமராவுக்கு ஓர் ஆள் வந்தது தெரியும், அவர் எந்த அட்டையைக் காட்டினார் என்று தெரியாது. இந்த இரண்டு அரைகுறைச் சாட்சிகளையும் ஒரே கணத்தில், ஒரே கதவில் பொருத்தித் தருவதுதான் இணைப்பின் முழு வேலை. பொருத்தம் தவறிவிட்டால், இரண்டும் தனித்தனியாகக் கிடந்த காலத்தைவிட நிலைமை மோசமாகிறது. தனித்தனியாக இருந்தபோது பார்ப்பவர் சந்தேகப்பட்டாவது தேடுவார், மென்பொருளே சேர்த்துக் காட்டும்போது அந்தச் சந்தேகமும் போய்விடுகிறது.

பதினோரு நிமிடப் பிழைக்குப் பெரிய பழுது எதுவும் தேவையில்லை. சாதாரண குவார்ட்ஸ் கடிகாரம் பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.7 நொடி தவறும், ஒரு வருடத்தில் அது பத்தரை நிமிடமாகும். அந்தக் கண்ட்ரோலரைப் பொருத்தி ஒரு வருடம் சற்றுத் தாண்டியிருந்தது. பொருத்திய அன்று கையால் வைத்த நேரம்தான், அதன்பின் யாரும் தொடவில்லை. கண்ட்ரோலருக்குள் இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்துபோனால் கதை இன்னும் வேடிக்கையாகும்: மின்சாரம் போய்வந்த பிறகு சில கருவிகள் 2000ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதிக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு கருவி இந்திய நேரத்திலும் இன்னொன்று உலகப் பொது நேரத்திலும் ஓடினால் பிழை சரியாக ஐந்தரை மணி நேரம். அது பெரிதாக இருப்பதால் உடனே கண்ணில் பட்டுவிடும், பத்து நிமிடப் பிழைதான் யார் கண்ணிலும் படாமல் ஆளைக் கவிழ்க்கும். இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான சர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவுகள், நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் கடிகாரங்களைத் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களோடு இசைவாக வைக்க வேண்டும் என்றும், பதிவேடுகளை 180 நாள் காக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. இதைக் கணினிப் பிரிவினர் தங்கள் சர்வர்களுக்கு மட்டுமானதாக எடுத்துக்கொள்கிறார்கள். கதவுக் கண்ட்ரோலர் கட்டட நிர்வாகப் பிரிவின் சொத்து என்பதால் அதன் பக்கம் எவரும் திரும்புவதில்லை.

கடிகாரத்தைச் சரிசெய்த பிறகும் ஒரு நுணுக்கம் மிச்சமிருக்கிறது. வீடியோ மென்பொருள், நிகழ்வு நடந்ததாகக் கண்ட்ரோலர் சொல்லும் நேரத்தை வைத்துப் படத்தைத் தேடுகிறதா, அல்லது அந்தச் செய்தி தன்னிடம் வந்து சேர்ந்த நேரத்தை வைத்தா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வந்து சேர்ந்த நேரத்தை எடுத்துக்கொண்டால் கண்ட்ரோலரின் கடிகாரப் பிழை தெரியாது, சாதாரண நாட்களில் எல்லாம் சரியாகவே இருப்பதுபோல் தோன்றும். ஆனால் நெட்வொர்க் அறுந்திருக்கும் வேளையில் கண்ட்ரோலர் நிகழ்வுகளைத் தன் நினைவகத்தில் சேர்த்து வைத்து, இணைப்பு மீண்டதும் மொத்தமாக அனுப்பும். அப்போது மதியம் இரண்டு மணி முதல் நான்கு மணி வரை நடந்த அனைத்தும் நான்கு மணிப் படத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். அதனால் நிகழ்வு நேரத்தையே அடிப்படையாக வைத்து, கடிகாரங்களை இசைவாக வைத்திருப்பதுதான் சரி.

இணைப்பதற்கு எளிய வழி கம்பி. கதவு வலுக்கட்டாயமாகத் திறக்கப்பட்டால் கண்ட்ரோலரின் ரிலே (தானாக இயங்கும் மின்சுவிட்ச்) மூடும், அது கேமராவின் அலாரம் முனையைத் தொடும், பதிவில் ஒரு குறி விழும். யாருடைய அட்டை என்ற விவரம் இதில் வராது, ஆனாலும் மென்பொருள் பதிப்பு மாறுவதால் இது அறுந்துபோவதில்லை. நான்கு கதவுள்ள சிறிய கிடங்குக்கு இதுவே போதும் என்று நான் தயங்காமல் சொல்வேன். அடுத்தது, ஒரு நிறுவனத்தின் மென்பொருளை இன்னொன்றின் மென்பொருளோடு பேசவைப்பது. இதில் ஏதேனும் ஒரு பக்கம் புதிய பதிப்புக்கு மாறிய மறுநாள் இணைப்பு பேசாமல் நின்றுவிடும், அதை எவரும் கவனிக்காத வாரங்களும் உண்டு. ஆகவே ஒப்பந்தத்தில், எந்தப் பதிப்போடு எந்தப் பதிப்பு சோதிக்கப்பட்டது என்பதையும், மாற்றும்போது மறுபடி சோதித்துத் தருவது யார் பொறுப்பு என்பதையும் எழுதி வாங்க வேண்டும்.

டெண்டர்களில் "ஆன்விஃப் இருக்க வேண்டும்" என்று ஒரே வரியில் எழுதிவிடும் வழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்காக 2008இல் ஆக்ஸிஸ், பாஷ், சோனி ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து தொடங்கிய அந்தப் பொதுத்தரத்தில் பல பிரிவுகள் இருக்கின்றன. 'எஸ்' (S), 'டி' (T) பிரிவுகள் வீடியோவை அனுப்புவதற்கானவை, கதவுக் கட்டுப்பாட்டுக்கானவை 'சி', 'ஏ' பிரிவுகள். கேமராப் பெட்டியின் மேல் அந்தப் பெயர் அச்சாகியிருப்பதால் அது கதவோடு பேசிவிடாது. கண்ட்ரோலரும் 'சி' பிரிவை ஏற்க வேண்டும், வீடியோ மென்பொருளும் அதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

இனி படம். முகத்தை அடையாளம் காண ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் வேண்டும் என்பது ஐஇசி 62676-4 என்ற சர்வதேசத் தரத்தின் 2014ஆம் ஆண்டுப் பதிப்பு தந்த அளவு. முழு எச்டி கேமராவின் படம் 1920 பிக்சல் அகலமுள்ளது என்பதால், ஏழரை மீட்டர் அகலக் காட்சியில்கூட இந்த அளவு கிடைத்துவிடும். அப்படியிருக்க, ஒரு மீட்டர் கதவில் முகம் தெரியாமல் போவதற்குக் கேமராவின் திறனைக் குறை சொல்ல முடியாது, அதை மாட்டிய இடம்தான் காரணம். கதவுக்கு நேர் மேலே கூரையில் மாட்டிய கேமராவில் உச்சந்தலைகள் அருமையாகப் பதிவாகும். கண்ணாடிக் கதவுக்கு எதிரே மாட்டினால், காலைப் பத்து மணி வெயிலில் உள்ளே வருபவர்கள் அனைவரும் கறுப்பு நிழல்களே. அட்டையைக் காட்டும் கணத்தில் மனிதர்கள் குனிந்து ரீடரைப் பார்ப்பார்கள், கதவைத் தள்ளி இரண்டடி உள்ளே வைத்த பிறகே நிமிர்வார்கள். ஆகையால் உட்புறத்தில், வருபவரை எதிர்கொள்ளும்படி, கண்மட்டத்துக்குச் சற்றே மேலே ஒரு கேமரா இருக்க வேண்டும். நிகழ்வுக்கு ஐந்து நொடி முன்னும் பதினைந்து நொடி பின்னும் படம் எடுத்துத் தரும்படி மென்பொருளை அமைத்துவிட்டால் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு நுழைபவரும் அகப்படுவார். பின்னால் வருபவருக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பது நம்மிடம் நல்ல பழக்கமாகக் கருதப்படுவதால், ஓர் அட்டைக்கு மூன்று பேர் நுழைவது இங்கே அன்றாடக் காட்சி. அதைக் காட்டுவது கேமராதான்.

நிகழ்வுகள் அனைத்தையும் திரையில் துள்ளிவர வைக்கும் ஆசையைக் கட்டுப்படுத்த வேண்டும். இருநூறு பேர் வேலை செய்யும் அலுவலகத்தில் ஒவ்வோர் அட்டைக்கும் ஒரு படம் எழும்பினால், இரண்டாம் நாளே செக்யூரிட்டி அந்தச் சன்னலைச் சிறிதாக்கி ஓரத்தில் தள்ளிவிடுவார், அவரைக் குறை சொல்வதற்கில்லை. கதவு வலுக்கட்டாயமாகத் திறக்கப்பட்டது, கதவு நெடுநேரம் திறந்தே கிடந்தது, நிறுத்தப்பட்ட அட்டை காட்டப்பட்டது ஆகிய மூன்றோடு மட்டுமே நான் தொடங்குவேன். மற்றவை பதிவேட்டில் படத்தோடு கிடக்கட்டும், தேவைப்படும்போது தேடிக்கொள்ளலாம்.

சேமிப்பு விஷயத்தில் ஒரு பொருத்தமின்மை எல்லா இடத்திலும் இருக்கிறது. அட்டைப் பதிவேடு வருடக்கணக்கில் கிடக்கும், வீடியோ முப்பதாம் நாளில் அழிந்துவிடும், திருட்டோ கணக்கெடுப்பின்போது நாற்பதாம் நாளில் தெரியவரும். நொடிக்கு 4 மெகாபிட் வேகத்தில் பதிவாகும் ஒரு கேமரா நாளொன்றுக்கு 43 ஜிபி இடம் எடுக்கும், அதை ஆறு மாதம் வைத்திருக்கச் சொன்னால் எந்த நிர்வாகமும் சம்மதிக்காது. மாறாக, மேலே சொன்ன மூன்று வகை நிகழ்வுகளின் இருபது நொடித் துண்டுகளை மட்டும் பூட்டிவைத்தால் ஒரு துண்டுக்கு 10 எம்பிதான் ஆகும். நாளுக்கு ஐம்பது நிகழ்வு என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் 180 நாளுக்கு 90 ஜிபி.

வீடியோத் திரையில் ஒரு சொடுக்கில் கதவைத் திறக்கும் வசதியை விற்பனையாளர்கள் ஆர்வத்தோடு காட்டுவார்கள். அதைக் கொடுப்பதாக இருந்தால் ஒவ்வொரு காவலருக்கும் தனிப் பயனர் பெயர் வேண்டும். மூன்று ஷிஃப்டுக்கும் ஒரே கடவுச்சொல் என்றால், கதவைத் திறந்தது யார் என்ற கேள்விக்குப் பதிலே இருக்காது. இதைவிட முக்கியமானது தீ. மின்காந்தப் பூட்டு மின்சாரம் நின்றால் திறந்துகொள்ளும் இயல்புடையது. தீ எச்சரிக்கைப் பலகை அந்த மின்சாரத்தை நேரடியாகத் துண்டிக்க வேண்டும், இடையில் சர்வரோ வீடியோ மென்பொருளோ வரவே கூடாது. வெளியேறும் வழிக் கதவு உள்ளிருந்து சாவியின்றித் திறக்க வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பும் சொல்வதுதான். இணைப்பு வேலையின்போது "எல்லாம் மென்பொருள் வழியாகவே போகட்டும்" என்று அந்தக் கம்பியைக் கழற்றிவிட்ட கட்டடத்தை நான் பார்த்திருக்கிறேன். அன்று அந்த இடத்தில் வேறு எந்த வேலையையும் தொடங்க நான் சம்மதிக்கவில்லை.

இணைப்பு ஏற்பட்ட நாள் முதல், கேமராவின் பலவீனம் கதவின் பலவீனமும் ஆகிவிடுகிறது. 2016இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல் மாற்றப்படாத கேமராக்களையும் டிவிஆர்களையும் (வீடியோவைப் பதியும் பெட்டிகள்) பெருமளவில் கைப்பற்றியது. அதே கேமராக்கள் இருக்கும் நெட்வொர்க்கில் கண்ட்ரோலரையும் செருகிவைத்தால், வாசலுக்கு வெளியே தொங்கும் கேமராவின் கம்பி வழியாகவே ஒருவர் பூட்டு வரை வந்துவிடலாம். இரண்டையும் தனித்தனிப் பிரிவுகளில் வைத்து, சர்வர் வழியாக மட்டுமே பேசவிட வேண்டும். ரீடர் பக்கமும் பார்க்க வேண்டியிருக்கிறது. ரீடரிலிருந்து கண்ட்ரோலருக்கு அட்டை எண்ணைக் கொண்டுபோக இன்றும் பரவலாக இருக்கும் வீகண்ட் இணைப்பில் வழக்கமாக வெறும் 26 பிட், மறையாக்கம் எதுவுமில்லாமல் ஒரே திசையில் போகிறது. மைஃபேர் கிளாசிக் என்ற அட்டை வகையின் மறையாக்கத்தை நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008லேயே உடைத்துக் காட்டிவிட்டார்கள். படியெடுத்த அட்டைக்கும் மூல அட்டைக்கும் பதிவேட்டில் வித்தியாசம் தெரியாது. அங்கேயும் நமக்கு மிஞ்சுவது சரியான நேரத்துப் படம் மட்டுமே.

விஷயம் நீதிமன்றம் வரை போனால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவோடு அதன் ஹாஷ் மதிப்பை (கோப்பு மாற்றப்பட்டால் காட்டிக்கொடுக்கும் கணக்கிட்ட எண்) குறிப்பிடும் சான்றிதழும் வேண்டும். திரையைக் கைப்பேசியில் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்பிவிட்டு, மூலப்பதிவை அழியவிடுபவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். பெயரும் முகமும் நேரமும் ஒன்றாகச் சேரும்போது அது ஒரு மனிதரின் நடமாட்டக் குறிப்பாகிவிடுகிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பார்வையில் அதுவும் தனிநபர் தரவே. யார் எத்தனை முறை தேநீர் குடிக்கப் போனார் என்று எண்ணுவதற்கு இந்த இணைப்பைப் பயன்படுத்தலாமா என்று என்னிடம் கேட்ட மேலாளர்கள் உண்டு. மறுத்துவிட்டேன்.

வேலையை ஒப்படைக்கும் முன் நான் செய்வது எளிய சோதனை. நொடிமுள் தெரியும்படி கைப்பேசிக் கடிகாரத்தைத் திறந்து கேமராவுக்குக் காட்டியபடியே ஒவ்வொரு கதவிலும் அட்டையை வைப்பேன். பிறகு மென்பொருளில் அந்த நிகழ்வைத் திறந்து, பதிவேட்டின் நேரம், படத்தின் மேல் விழும் நேரம், படத்துக்குள் தெரியும் கைப்பேசியின் நேரம் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குவேன். லேப்டாப்கள் காணாமல்போன அந்த அலுவலகத்தில் பதினான்கு கதவுகளுக்கும் இதைச் செய்ய ஒரு பிற்பகல் ஆயிற்று. நேரம் எல்லாவற்றிலும் ஒரு நொடிக்குள் வந்துவிட்டது. ஆனால் மூன்று கதவுகள் வேறு கேமராக்களோடு இணைக்கப்பட்டிருந்தன. தடுப்புச்சுவர்களை மாற்றியமைத்தபோது கேமராக்களை நகர்த்தியவர்கள் பெயர்களை மாற்றாமல் விட்டிருந்தார்கள். அவற்றில் ஒன்று, சர்வர் அறையின் கதவு. அதன் நிகழ்வைத் திறந்தபோது திரையில் வந்தது கீழ்த்தளத்தில் இருசக்கர வாகனங்கள் நிறுத்தும் இடம்.