29 இன்ச் சைக்கிள் தரையை விட்டு எழும்புவது எப்படி?

கோத்தகிரியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார். பழைய 26 இன்ச் மலைச் சைக்கிளில், தேயிலைத் தோட்டத்துப் பாதையைக் குறுக்கே வெட்டிப் போகும் மழைநீர் வாய்க்காலை ஒரே தாவலில் தாண்டிவிடுவாராம். இப்போது 29 இன்ச் வண்டி வாங்கியிருக்கிறார். முன் சக்கரம் எப்படியோ எழுந்துவிடுகிறது, பின் சக்கரம் மட்டும் வாய்க்காலின் விளிம்பில் போய் இடிக்கிறது. "பெரிய சக்கரத்துக்கு ஜைரோஸ்கோப் விசை அதிகம், அதனால்தான் எழும்ப மாட்டேன் என்கிறது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா?"

உண்மை இல்லை. (சுழலும் பொருள் தன் அச்சின் திசை மாறுவதை எதிர்ப்பதைத்தான் ஜைரோஸ்கோப் விளைவு என்கிறார்கள்.) ஆனால் பெரிய சக்கரம் எழும்பச் சிரமப்படுவது உண்மைதான். காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. அதைப் பார்ப்பதற்கு முன், எந்தச் சைக்கிளாக இருந்தாலும் அது தரையை விட்டு எப்படி எழும்புகிறது என்று பார்த்துவிடலாம். இயந்திரவியலில் எனக்கு மிகவும் பிடித்த கணக்குகளில் இது ஒன்று.

மேடோ சரிவுப் பலகையோ இல்லாமல், சமதரையில் ஓடும் சைக்கிளின் இரண்டு சக்கரங்களையும் அந்தரத்தில் எழுப்புவதுதான் பன்னி ஹாப். முதலில் குனிந்து பதுங்க வேண்டும். பிறகு கைகளை நீட்டி இடுப்பைப் பின்னால் கொண்டுபோனால் முன் சக்கரம் எழும். அந்த நிலையிலிருந்து சட்டென்று முழு உயரத்துக்கு நிமிர வேண்டும். கடைசியாக ஹேண்டில்பாரை முன்னால் தள்ளி, காலை மடக்கினால் பின் சக்கரமும் மேலே வந்துவிடும்.

புதிதாகப் பழகுபவர்கள் எல்லோரும் ஹேண்டில்பாரைப் பிடித்து மேலே இழுக்கப் பார்ப்பார்கள். உட்கார்ந்திருக்கும் நாற்காலியைத் தானே பிடித்துத் தூக்க முயல்வது போன்ற வேலை அது. ஹேண்டில்பாரை நாம் எவ்வளவு மேலே இழுக்கிறோமோ, அவ்வளவு விசையுடன் அது நம் உடம்பைக் கீழே இழுக்கும். அந்த விசை நம் கால் வழியாகப் பெடலுக்குப் போய், மறுபடி சைக்கிளையே கீழே அழுத்தும். நியூட்டனின் மூன்றாம் விதி, பத்தாம் வகுப்புப் பாடம். ஆளையும் வண்டியையும் சேர்த்து மேலே தள்ளக்கூடியது தரை மட்டும்தான். தரையை நம்மைத் தள்ள வைக்க வேண்டுமென்றால், நாம் அதைக் காலால் அழுத்த வேண்டும்.

சரி, கணக்குக்கு வருவோம். ஓட்டுபவர் 65 கிலோ, சைக்கிள் 14 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பதுங்கிய நிலையிலிருந்து அவர் வேகமாக நிமிர்கிறார். முழுதாக நிமிரும்போது அவர் உடம்பு வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் மேலே போய்க்கொண்டிருக்கிறது. சைக்கிள் இன்னும் தரையில்தான். (முன் சக்கரம் முன்பே எழுந்துவிட்டதை எளிமைக்காக விட்டுவிடுகிறேன்.) இப்போது ஆளும் வண்டியும் ஒன்றாகச் சேர்ந்து போனால் என்ன வேகம்? உந்தம் மாறாது: 65-ஐ 2-ஆல் பெருக்கி 79-ஆல் வகுத்தால் வினாடிக்குச் சுமார் 1.65 மீட்டர். இந்த வேகத்தில் மேலே எறியப்பட்ட எதுவும் ஏறக்கூடிய உயரம் வெறும் 14 சென்டிமீட்டர்.

14 சென்டிமீட்டரில் எந்த வாய்க்காலைத் தாண்டுவது, எந்தக் கட்டையைக் கடப்பது? விஷயத்தின் அழகே இங்குதான் தொடங்குகிறது. 14 என்பது ஆளும் வண்டியும் சேர்ந்த மொத்தத்தின் நிறைமையம் ஏறும் உயரம். அந்தரத்தில் இருக்கும்போது அதை ஒரு மில்லிமீட்டர்கூட யாராலும் மாற்ற முடியாது. ஆனால் அதற்குள்ளே ஆளும் வண்டியும் இடம் மாற்றிக்கொள்ளத் தடை ஏதும் இல்லை. நிமிர்ந்து எழுந்தவர் காலை மடக்குகிறார், சைக்கிள் அவர் உடம்பை நோக்கி 40 சென்டிமீட்டர் நெருங்கி வருகிறது என்போம். நெருங்கும் தூரத்தை இருவரும் எடைக்கு எதிர்விகிதத்தில் பங்கு போட்டுக்கொள்வார்கள். கனமான ஆள் 7 சென்டிமீட்டர் கீழே இறங்குகிறார், இலேசான வண்டி 33 சென்டிமீட்டர் மேலே ஏறுகிறது. 14-உம் 33-உம் சேர்த்தால் 47. சக்கரம் தரையிலிருந்து 47 சென்டிமீட்டர் உயரத்தில்! அதே கணத்தில் ஓட்டுபவரின் உடம்போ, நிமிர்ந்து நின்றபோது இருந்ததைவிட 7 சென்டிமீட்டர்தான் மேலே இருக்கிறது. நன்றாகத் தாவுகிறவரின் தலையைக் கவனித்துப் பாருங்கள். கால்கள் நிமிர்ந்த பிறகு அது கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் மிதக்கும், வண்டிதான் அடியிலிருந்து மேலே வந்து போகும்.

எல்லாம் நடக்கக் கிடைக்கும் நேரம்? வினாடிக்கு 1.65 மீட்டர் வேகம் ஈர்ப்பில் கரைந்து சுழியமாவதற்கு 0.17 வினாடி. கைப்பேசியில் வினாடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோமோஷன் வைத்தால் 40 படங்கள். லவ்டேல் பக்கம் ஒரு தோட்டத்துப் பாதையில் ஒரு பையன் தாவியதை அப்படிப் படம் பிடித்து, ஒவ்வொரு படமாக நகர்த்திப் பார்த்தேன். என் கண் போய் நின்றது அவன் பாதத்தில். அவனுடையது சாதாரண ஃபிளாட் பெடல், ஷூவைப் பூட்டிக்கொள்ளும் கிளிப் கிடையாது. ஆனாலும் வண்டி காலோடு ஒட்டிக்கொண்டு மேலே வருகிறது. முதல் சில படங்களில் குதிகால் கீழே தாழ்ந்திருக்கிறது. தரையை விடும் இடத்தில் பாதம் புரண்டு, கட்டைவிரல் கீழே பார்க்க, உள்ளங்கால் பெடலைப் பின்பக்கமாகத் தள்ளுகிறது. பெடலிலுள்ள சின்னச் சின்ன ஆணிகள் ஷூவின் ரப்பரைக் கவ்விக்கொள்கின்றன. அதே நேரத்தில் கைகள் ஹேண்டில்பாரை முன்னால் தள்ளுகின்றன.

மேலே ஒரு விசை முன்னோக்கி, கீழே ஒரு விசை பின்னோக்கி. இயற்பியலில் இதற்கு இரட்டை என்று பெயர், திருப்புவதற்கென்றே அமைந்த ஜோடி. வண்டியின் மூக்கு கீழே வருகிறது, பின்பக்கம் எழுகிறது. முன் சக்கரம் உயரத் தூக்கி நிற்கும்போது ஹேண்டில்பார் பெடலுக்கு வெகு மேலே இருக்கும். இரண்டு விசைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளி அதிகம், திருப்புதிறனும் அதிகம். முன் சக்கரத்தை முதலில் நன்றாகத் தூக்கச் சொல்வது இதற்காகத்தான். முன்பக்கம் போதுமான அளவு எழாவிட்டால், பின் சக்கரத்தை எழுப்பும் நெம்புகோல் கைக்குக் கிடைக்காது. கோத்தகிரி வாசகரின் பின் சக்கரம் இடிக்கும் காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும்.

இனி பெரிய சக்கரம். 26 இன்ச் சக்கரத்தின் ரிம்மில் டயர் உட்காரும் வட்டத்தின் விட்டம் 559 மில்லிமீட்டர், 29-க்கு 622. டயரையும் சேர்த்தால் ஆரம் சுமார் 33.5 சென்டிமீட்டரிலிருந்து 37-க்குப் போகிறது. பெரிய சக்கரத்தை வைக்கப் பின்பக்கத்தில் இடம் வேண்டும், ஆகவே பெடல் அச்சிலிருந்து பின் அச்சு வரையுள்ள செயின்ஸ்டே நீள்கிறது. ஆரம்பகால 29 இன்ச் வண்டிகளில் இது 45 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் இருந்தது. முன் சக்கரம் எழ நம் எடை பின் அச்சுக்கு நேர் மேலே, கொஞ்சம் பின்னாலும்கூட போக வேண்டும். செயின்ஸ்டே நீளும் ஒவ்வொரு சென்டிமீட்டரும் இடுப்பு கூடுதலாகப் பயணிக்க வேண்டிய தூரம். அப்படிப் பின்னால் போனால் அங்கே உயரமான டயர் காத்திருக்கிறது. குள்ளமான ஓட்டுநர்களுக்கு அது உட்காருமிடத்திலேயே உரசும். முன்பக்கத்தில் ஹேண்டில்பாரும் உயர்ந்துவிடுவதால், கையை மடக்கிப் பதுங்கும் ஆழம் குறைகிறது. சக்கரம், டயர் எடையும் கூடுதல். இப்படிச் சின்னச் சின்னதாகச் சேர்ந்ததுதான் அந்தச் சிரமம்.

ஜைரோஸ்கோப்புக்கு இதில் பங்கே இல்லை என்பதை வீட்டு வாசலிலேயே சோதிக்கலாம். முன் சக்கரத்தைக் கழற்றி, அச்சின் இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு, வேறொருவரை வேகமாகச் சுழற்றிவிடச் சொல்லுங்கள். அச்சைச் சாய்க்காமல் சக்கரத்தை மேலும் கீழும் தூக்கி இறக்குங்கள். சுழலாத சக்கரத்துக்கும் இதற்கும் வித்தியாசமே தெரியாது. அப்புறம் அச்சை இடமாகவோ வலமாகவோ திருப்பிப் பாருங்கள், சக்கரம் உயிருள்ளது போல் கையை முறுக்கும். சுழலும் சக்கரம் எதிர்ப்பது தன் அச்சின் திசை மாறுவதை மட்டும்தான். பன்னி ஹாப்பில் வண்டியின் மூக்கு ஏறி இறங்குகிறது. அந்தத் திருப்பத்தின் அச்சு இடமிருந்து வலமாகப் படுத்திருக்கிறது, சக்கரத்தின் அச்சும் அப்படியே. இரண்டும் ஒரே திசையில் இருப்பதால் சக்கர அச்சின் திசை மாறுவதே இல்லை. அந்தரத்தில் வண்டியைப் பக்கவாட்டில் படுக்க வைத்துக் காட்டும் வித்தைகளில் பெரிய சக்கரம் கூடுதலாக முரண்டு பிடிக்கும், அது சரி. வாய்க்கால் தாண்ட அது தேவையில்லை.

புது வண்டிக்குப் பூசை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்குவதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அது தன்னை அறிவியல் என்று சொல்லிக்கொள்வதில்லை. "ஜைரோ" என்ற சொல்லோ அறிவியல் சட்டை போட்டுக்கொண்டு வந்து, பழகினால் வரக்கூடிய ஒன்றை வராது என்று நம்ப வைத்துவிடுகிறது. சைக்கிள் சாயாமல் நிற்பதற்கும் இந்தச் சொல்லைத்தான் பல காலம் காரணமாகச் சொன்னார்கள். 2011-ல் டெல்ஃப்ட், கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஜைரோ விளைவை ஏறக்குறைய முழுதாக நீக்கிய ஒரு சைக்கிளைக் கட்டி, ஆள் இல்லாமலே அது நிலையாக ஓடுவதைக் காட்டினார்கள். கோடிக்கணக்கானோர் தினமும் ஏறி மிதிக்கும் ஒரு பொருளின் அடிப்படைக் கேள்விக்கு 2011 வரை காத்திருக்க வேண்டியிருந்தது! இத்தகைய ஆராய்ச்சிக்கு நம் ஊரிலும் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பாதம் தரையை எவ்வளவு அழுத்துகிறது என்று அளக்கும் ஒரு தட்டும் ஒரு கேமராவும் மலையில் இருக்கும் கல்லூரிகளுக்குக் கொடுத்தால், நீலகிரிப் பிள்ளைகளே அளந்து எழுதுவார்கள்.

பெரிய சக்கரத்தின் நன்மையையும் சொல்லிவிடுகிறேன். 10 சென்டிமீட்டர் உயர வேர் ஒன்றில் சக்கரம் முட்டுகிறது. நின்ற நிலையிலிருந்து அதன் மேல் ஏற, 29 இன்ச் சக்கரத்துக்குத் தேவைப்படும் தள்ளுவிசை 26-ஐவிட ஏறத்தாழ 8 சதவீதம் குறைவு. 26-ல் தாவித் தாண்டிய பல வேர்களை 29-ல் உருட்டியே கடந்துவிடலாம். (வேர் என்றதும் சோலைக்காட்டுக்குள் வண்டியை இறக்கிவிடாதீர்கள். அனுமதி இல்லாத காடு அது, அந்த வேர்கள் பிடித்துவைத்திருக்கும் மண்ணும் மெல்லியது. தோட்டத்துப் பாதையிலும் நிர்வாகத்திடம் கேட்டுவிட்டே ஓட்டுங்கள்.)

கோத்தகிரி நண்பர் செய்ய வேண்டியது இதுதான். சீட்டை முடிந்தவரை தாழ்த்துங்கள், இடுப்புக்கு இடம் கிடைக்கும். ஹேண்டில்பாருக்கு அடியில் வளையங்கள் இருந்தால் ஒன்றிரண்டை மேலே மாற்றிப் போட்டுப் பாருங்கள், ஹேண்டில்பார் தாழ்ந்து, பதுங்கும் ஆழம் கொஞ்சம் திரும்பும். இடுப்பைப் பின்னால் கொண்டுபோவதைப் பழைய வண்டியில் செய்ததைவிடச் சற்று முன்னதாகவே தொடங்குங்கள். வாய்க்காலுக்குப் போகுமுன், புல்தரையில் ஒரு மெல்லிய குச்சியைக் குறுக்கே வைத்து, முன் சக்கரம் இடுப்புயரம் வரும்வரை அந்த முதல் பாதியை மட்டும் பழகுங்கள். பின்னால் சாய்ந்துவிடுவோமோ என்று பயமாக இருந்தால் பின் பிரேக்கில் ஒரு விரல் இருக்கட்டும், லேசாகத் தொட்டாலே மூக்கு இறங்கிவிடும். மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் போனால், மேலே சொன்ன கணக்குப்படி ஏற 0.17, இறங்க 0.17 என அந்தரத்தில் இருக்கும் 0.34 வினாடியில் வண்டி 1.7 மீட்டர் கடக்கும். தோட்டத்து வாய்க்கால்களில் பெரும்பாலானவற்றுக்கு அது தாராளம்.