கனிமம் என்ற சொல்லும் குருந்தம் என்ற கல்லும்

வேளச்சேரியில் எங்கள் வீட்டுக்கு வாரம் இரண்டு தடவை வாட்டர் கேன் வரும். போன வாரம் கேனைக் கவிழ்த்து வைக்கும்போது ஏழாவது படிக்கும் மகள் கேட்டாள்: "மினரல்னா கனிமம்னு மிஸ் சொன்னாங்க. அப்போ இது கனிமத் தண்ணியாப்பா? கனின்னா பழம்தானே, அது எப்படி கல்லுக்குப் பேராச்சு?"

இரண்டுமே நல்ல கேள்வி. பழத்தை முதலில் பார்த்துவிடலாம்.

கனிமத்தில் இருக்கும் கனி பழம் அல்ல. வடமொழியில் 'கன்' என்ற வேருக்குத் தோண்டுதல் என்று பொருள். 'கனி' என்றால் சுரங்கம். சுரங்கத்தில் பிறந்தது 'கனிஜ'. இந்தியிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் மினரலுக்கு இன்றும் அந்தச் சொல்தான். தமிழ் அதே வேரை எடுத்து, வாலை மட்டும் தன் வாய்க்கு ஏற்ப மாற்றிக் கனிமம் ஆக்கிக்கொண்டது. மலையாளமோ 'தாது' என்றே வைத்துக்கொண்டது. மண்ணுக்குள் பழுத்த கனி என்பதால் கனிமம் என்று ஒருவர் விளக்கம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கேட்க அழகாக இருந்தது, ஆனால் உண்மை இல்லை. மினரலின் கதையும் இதேதான்: இடைக்கால லத்தீனில் 'மினெரா' என்றால் சுரங்கம், அல்லது அங்கே கிடைக்கும் தாது.

தோண்டுவதற்குத் தமிழில் 'கல்லுதல்' என்ற பழைய வினை இருக்கிறதே, அதிலிருந்து தனிச்சொல் ஆக்கக் கூடாதா என்று தோன்றலாம். ஆக்கலாம்தான். ஆனால் கனிமம் இப்போது பாடநூல், சட்டம், செய்தித்தாள் எல்லாவற்றிலும் வேரூன்றிவிட்டது. கனிம வேதியியல், கரிம வேதியியல் என்று ஜோடி வேறு சேர்ந்துவிட்டது. அதைப் பிடுங்க வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

சரி, எது கனிமம்? இயற்கையாக உண்டாகியிருக்க வேண்டும். திடப்பொருளாக இருக்க வேண்டும். உயிர்ப்பொருளாக இருக்கக் கூடாது. வேதி இயைபு, அதாவது எந்தத் தனிமம் எந்த விகிதத்தில் என்பது, வரையறைக்கு உட்பட்டிருக்க வேண்டும். உள்ளே அணுக்கள் ஒழுங்கான அடுக்கில் நிற்க வேண்டும். இப்படித் தேறிய கனிமங்கள் உலகில் ஏறக்குறைய 6,000. இந்தக் கணக்கில் இமயமலைப் பனிக்கட்டி கனிமம், அது உருகி ஓடும் தண்ணீர் கனிமம் அல்ல. எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் உறைந்த ஐஸும் அல்ல, ஏனென்றால் அது இயற்கையாக உறையவில்லை.

கேன் தண்ணீர் கனிமமும் இல்லை, பெரும்பாலும் மினரல் வாட்டரும் இல்லை. மேலே ஒட்டியிருப்பதைப் படித்தால் 'பேக்கேஜ்டு டிரிங்கிங் வாட்டர்' என்றுதான் இருக்கும். அதற்கு இந்தியத் தரநிலை எண் 14543. இயற்கை மினரல் வாட்டருக்கு 13428. ஆர்.ஓ. இயந்திரம் செய்வதே தண்ணீரில் கரைந்திருப்பதை வடிகட்டும் வேலைதானே.

உண்மையான குழப்பம் தாது என்ற சொல்லில் இருக்கிறது. பூவின் மகரந்தமும் தாது, உடம்பின் ஏழு கூறுகளும் தாது, சத்துணவில் வருவது தாது உப்பு, சுரங்கத்தில் வெட்டுவது இரும்புத் தாது. சித்த மருத்துவம் சரக்குகளைத் தாது, மூலம், சீவம் என்று மூன்றாகப் பிரிக்கும்: மண்ணிலிருந்து வருவது, செடியிலிருந்து வருவது, உயிரிலிருந்து வருவது. அங்கே தாது என்பது கிட்டத்தட்ட கனிமம்தான். இன்றைய பாடநூல் வழக்கில் அதன் பொருள் குறுகியிருக்கிறது. எந்தக் கனிமத்திலிருந்து உலோகத்தைக் கட்டுப்படியாகும் செலவில் எடுக்க முடியுமோ அதுவே தாது. களிமண்ணிலும் அலுமினியம் இருக்கிறது. அதை யாரும் உருக்குவதில்லை, பாக்சைட்டைத்தான் தேடிப் போகிறார்கள். ஆக, தாது என்பது பாதி வேதியியல், பாதி வரவுசெலவுக் கணக்கு. விலை ஏறினால் நேற்றுவரை வெறும் கல்லாக இருந்தது நாளை தாதுவாகிவிடும். இந்தப் பிரிவினை மிகவும் பயனுள்ளது. செய்தி எழுதுபவர்கள் இரண்டையும் மாற்றி மாற்றிப் போடும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சட்டத்தின் கணக்கு இன்னொன்று. 1957ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தில் கட்டடக் கல், சரளை, சாதாரணக் களிமண், மணல் எல்லாம் 'சிறு கனிமம்'. அறிவியல் கண்ணில் இவற்றில் பல பாறை, அல்லது பல கனிமங்களின் கலவை. பறங்கிமலைக் கருங்கல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பெயர் சார்னோகைட். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு வைத்த கல் இந்த வகை என்பதால், 1893இல் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் அந்தப் பெயரை வைத்தார். உடைத்துப் பார்த்தால் குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், ஹைப்பர்ஸ்தீன் என்று பல கனிமங்கள் கூடியிருக்கும். பாறை என்பது கூட்டு, கனிமம் அதில் ஓர் உறுப்பினர்.

பெசன்ட் நகர் கடற்கரையில் அலை வடிந்த இடத்தில் கறுப்புக் கோடுகள் படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைப் பாலித்தீன் பையில் சுற்றி, மகளோடு அந்தக் கோட்டின் மேல் இழுத்தேன். கறுப்பு மணிகள் மயிர் சிலிர்த்தாற்போல் பையில் நின்றன. அது மேக்னடைட். ஒட்டாமல் தங்கிய கறுப்பில் இல்மனைட் இருக்கும். கன்னியாகுமரிப் பக்கம் மணவாளக்குறிச்சியில் பொதுத்துறை நிறுவனம் கடற்கரை மணலிலிருந்து பிரித்தெடுப்பதும் அதே இல்மனைட்தான். அதிலிருந்து வரும் டைட்டானியம் டை ஆக்சைடுதான் சுவருக்கு அடிக்கும் வெள்ளை பெயின்டுக்கு வெண்மை தருகிறது. கறுப்பு மணல் வெள்ளைச் சாயம் ஆவதை மகள் நம்பவே மறுத்தாள்.

கனிமத்தை அடையாளம் காண நிறத்தை நம்பக் கூடாது. அதற்கு நம் நகை ஆசாரிகளின் உரைகல் நல்ல ஆசான். மெருகேற்றாத பீங்கானில் கல்லை உரைத்து, விழும் கோட்டின் நிறத்தைப் பார்க்க வேண்டும். கறுத்து மினுங்கும் ஹேமடைட் என்ற இரும்புத் தாது செங்காவிக் கோடு போடும். பொன்போல் மின்னும் பைரைட் பச்சை கலந்த கறுப்பைக் காட்டும். தங்கம் எங்கே உரைத்தாலும் தங்க நிறம்தான்.

அப்புறம் கடினத்தன்மை. 1812இல் ஃபிரெடெரிக் மோஸ் பத்துக் கனிமங்களை வரிசையாக நிறுத்தி, எது எதைக் கீறும் என்று அளவுகோல் வைத்தார். முதலில் டால்க், நம் பாட்டிமார் கல்சட்டிக்கு வாங்கிய மாக்கல்லில் கை வழவழப்பது இந்தக் கனிமத்தால்தான். ஏழாவது குவார்ட்ஸ், அதாவது கிராமத்தில் பொறுக்கி விளையாடிய வெங்கச்சங்கல். பத்தாவது வைரம்.

ஒன்பதாவது கொரண்டம் என்று மகளின் நோட்டில் இருந்தது. இந்த இடத்தில்தான் எனக்கு மனசு கேட்கவில்லை. அது நம் சொல். ஆங்கில அகராதிகளே அதற்கு மூலமாகத் தமிழ் 'குருந்தம்', தெலுங்கு 'குருவிந்தம்' என்று காட்டுகின்றன. (குருந்த மரம் வேறு, அதோடு குழப்ப வேண்டாம்.) 1798இல் லண்டனில் சார்லஸ் கிரெவில் இந்தக் கல்லைப் பற்றி ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்துக்குக் கட்டுரை எழுதினார், அதன்பின் கொரண்டம் என்ற பெயர் ஐரோப்பிய நூல்களில் நிலைத்தது. வேதியியலில் அது அலுமினியம் ஆக்சைடு. துளிக் குரோமியம் சேர்ந்தால் மாணிக்கம், இரும்பும் டைட்டானியமும் சேர்ந்தால் நீலக்கல். எதுவும் வாய்க்காத மங்கல் கல்லைப் பொடித்து, அரக்கில் குழைத்துச் சாணைச் சக்கரம் வார்த்தார்கள்.

கனிமம் என்ற பொதுச்சொல் எங்கிருந்து வந்தால் என்ன, இருக்கட்டும். மாக்கல், வெங்கச்சங்கல், மைக்காவுக்குக் காக்காப்பொன், சேலத்தார் மேக்னசைட்டுக்குச் சொல்லும் வெள்ளைக்கல் என்று ஒவ்வொரு கல்லுக்கும் நம்மிடம் பெயர் இருக்கிறது. பாடம் எழுதுகிறவர்கள் தேட வேண்டியது இவற்றைத்தான்.

தெருமுனை ஹார்டுவேர் கடையில் ஐந்து ரூபாய்க்கு ஓர் உப்புத்தாள் வாங்கி வந்து மகளிடம் கொடுத்தேன். அதில் ஒட்டியிருப்பது ஆலையில் செய்த அலுமினியம் ஆக்சைடு. தடவிப் பார்த்துவிட்டு, பழைய கண்ணாடி பாட்டில் ஒன்றில் தேய்த்தாள். கண்ணாடி மங்கிக் கீறல் விழுந்தது. நோட்டை எடுத்து, ஒன்பதுக்கு நேரே கொரண்டத்தை அடித்துவிட்டுக் குருந்தம் என்று எழுதினாள்.